வாடகை விமானத்தில் மாப்பிள்ளை அழைப்பு

கிளென் வேவர்லி, மெல்பர்ன்
2 மார்ச் 2025

மதிப்பிற்குரிய சம்பந்தி அம்மா கமலேஸ்வரி அவர்களுக்கு,

கல்யாணசுந்தரம் எழுதுவது. வணக்கம்.

தபாலில் கடிதம் எழுதிப் பல வருடங்கள் ஆகிவிட்டன. கையெழுத்து கோழி கிறுக்கின மாதிரி இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும். வாட்ஸ்அப்பில் நீங்கள் என்னை பிளாக் செய்திருக்கிறீர்கள் என்று என் பெண் அக்ஷரா சொல்லித்தான் தெரிந்தது. அதுவரை உங்கள் வீட்டில் நெட் சரியில்லை போலிருக்கிறது என்று நினைத்து, தினமும் காலை வணக்கப் படம் அனுப்பிக்கொண்டிருந்தேன்.

போன மாதம் சிட்னி ஸ்ட்ராத்ஃபீல்டில், என் கொழுந்தியாள் வீட்டில் நடந்த நிச்சயதார்த்தத்தைப் பற்றித்தான் எழுத வேண்டும். தட்டு மாற்றும் நேரம். உங்கள் கையில் ஒரு தட்டு, என் கையில் ஒரு தட்டு. நீங்கள் சந்தோஷமாகச் சொன்னீர்கள்: "மாப்பிள்ளை அழைப்புக்கு என்ர மகனை நானே பிளேன் ஓட்டிக்கொண்டு வந்து மெல்பேர்னில இறக்குவன்." எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தட்டியிருக்க வேண்டும், கையில் தட்டு இருந்தது. அதனால் வாயைத் திறந்தேன்.

"பிளேன் சொந்தமா, வாடகைங்களா?" என்று கேட்டேன். வாடகை என்றீர்கள். "அப்போ உங்க பேர்ல தனியா இன்சூரன்ஸ் இருக்குங்களா?" என்றேன்.

அதன் பிறகு அந்த ஹாலில் ஃபேன் சத்தம் மட்டும்தான் கேட்டது. உங்கள் நாத்தனார் இராஜேஸ்வரி அம்மா, "நல்ல காரியத்தில என்ன கதை இது?" என்றார். நீங்கள் தட்டை மேசையில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டீர்கள். மீதித் தட்டை மாற்றியது உங்கள் கணவர். என் மனைவி விஜயா கிள்ளின இடம் இன்னும் கன்றிப்போயிருக்கிறது.

நான் கார் இன்சூரன்ஸ் கம்பெனியில் வேலை செய்பவன். மோதிய கார்களைப் போய்ப் பார்த்து, யார் பொறுப்பு, எவ்வளவு சேதம் என்று எழுதுவதுதான் என் பிழைப்பு. நல்ல காரியம், கெட்ட காரியம் பார்க்காமல் வாய் அதைத்தான் கேட்கும். கேட்ட இடம் தப்பு. அதற்கு மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். கேட்டது தப்பில்லை என்பதையும் பணிவோடு சொல்லிவைக்கிறேன்.

ஜூன் எட்டாம் தேதி கல்யாணம். அதற்குள் பதில் போடுங்கள்.

இப்படிக்கு,
கல்யாணசுந்தரம்


டூங்கபி, சிட்னி
9 மார்ச் 2025

சம்பந்தி ஐயா அவர்களுக்கு,

நான் சுகம். உங்கள் சுகத்தை விசாரிக்க இன்னும் மனம் வரவில்லை. வந்ததும் எழுதுகிறேன்.

மன்னிப்புக் கேட்டுவிட்டு அடுத்த வரியிலேயே அதைத் திருப்பி வாங்கிக்கொள்ளும் ஆளை இப்போதுதான் பார்க்கிறேன். பிளாக்கை எடுக்க மாட்டேன். நீங்கள் கேட்ட கேள்வி மட்டும் அதற்குக் காரணமில்லை. நீங்கள் அனுப்பும் ரோசாப்பூவும் கிளியும் பார்த்துப் பார்த்து எனக்குக் கண் பூத்துவிட்டது.

ஐயா, நான் முதியோர் இல்லத்தில் தாதியாக வேலை செய்கிறேன். ஐம்பது வயது தாண்டித்தான் விமானம் ஓட்டப் பழகினேன். எல்லாரும் சிரித்தார்கள். பரீட்சையில் பாஸ் பண்ணி, லைசென்ஸ் எடுத்து, பாங்க்ஸ்டவுனில் எங்கள் பறக்கும் கிளப்பில் மணிக்கணக்குக்கு விமானம் வாடகைக்கு எடுத்து ஓட்டி வருகிறேன். இன்றுவரை ஒரு கீறல் இல்லை. விமானம் கிளப்பினுடையது, காப்புறுதி, உங்கள் பாஷையில் இன்சூரன்ஸ், அதுவும் கிளப்பினுடையது, ஓட்டுவது மட்டும் நான். வாடகை என்றால் அதற்குள் எல்லாம் அடங்கும். நீங்கள் பஸ்ஸில் ஏறும்போது டிரைவரிடம் போய், "உங்க பேர்ல தனியா இன்சூரன்ஸ் இருக்குங்களா" என்று கேட்பீர்களோ?

தட்டோடு நிற்கிற ஒரு தாயிடம் அதைக் கேட்டால் என்ன அர்த்தம்? "நீ விழுத்துவாய்" என்றுதான் அர்த்தம். என் மச்சாள் இராஜேஸ்வரி தினமும் ரெலிபோன் எடுத்து அதையே சொல்கிறா. என் மனிசன் ஜெயரட்ணம், கதிரையில் ஏறி பல்ப் மாற்றவே பயப்படுகிறவர், அவரும், "அந்தாள் கேட்டதில என்ன பிழை?" என்கிறார். அன்றைக்கு அவருக்குச் சாப்பிட நான் கொடுத்தது முதல் நாள் காய்ந்த பாணும் சம்பலும்தான்.

ஒன்றை மட்டும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மயூரதனை நான் விமானத்தில்தான் கொண்டு வருவேன். அது உங்களுக்குச் சரிவராது என்றால் மாப்பிள்ளை அழைப்பை வேறு மாப்பிள்ளைக்கு வையுங்கள்.

கமலேஸ்வரி ஜெயரட்ணம்


கிளென் வேவர்லி
16 மார்ச் 2025

சம்பந்தி அம்மா அவர்களுக்கு,

"வேறு மாப்பிள்ளை" என்ற வரியைப் படித்துவிட்டு விஜயா அழுதாள். அக்ஷரா விழுந்து விழுந்து சிரித்தாள். "அப்பா, அவங்க சும்மா சொல்றாங்க, மயூரதன விட எனக்கு ஆன்ட்டியத்தான் ரொம்பப் பிடிக்கும்" என்றாள். நான் அழவுமில்லை, சிரிக்கவுமில்லை. காலை வணக்கப் படங்களை எல்லாருக்கும் நிறுத்திவிட்டேன். வீட்டில் உங்களுக்கு நன்றி சொல்கிறார்கள்.

பஸ் டிரைவர் சம்பளத்துக்கு ஓட்டுகிறார், அவருக்குப் பின்னால் பஸ் கம்பெனி நிற்கிறது. உங்களுக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள்? கிளப் என்கிறீர்கள். கிளப் தன் விமானத்துக்காக, தன் பேரில் எடுத்த பாலிசி அது. ஏதாவது ஆனால் கம்பெனி கிளப்புக்குப் பணம் கொடுக்கும். கொடுத்துவிட்டு, "சரி, ஓட்டினது யாரு?" என்று உங்கள் வீட்டுக் கதவைத் தட்டலாம். தட்டாமலும் இருக்கலாம். அந்தத் தாளில் என்ன எழுதியிருக்கிறதோ அதைப் பொறுத்தது. நீங்கள் அதைப் படித்திருக்கிறீர்களா? எனக்கு அது ஒன்றுதான் தெரிய வேண்டும்.

நீங்கள் விழுத்துவீர்கள் என்று நான் நினைக்கவே இல்லை. என் பயம் வேறு. சில வருடங்களுக்கு முன்னால் ஒரு தாத்தா வீட்டைப் பார்க்கப் போனேன். ஒரு லாரி அவர் முன்சுவரை இடித்து, அவர் வைத்து வளர்த்த எலுமிச்சை மரத்தையும் சாய்த்துவிட்டது. லாரி ஒருவருடையது, ஓட்டினவர் இரவல் வாங்கினவர், சரக்கு மூன்றாவது ஆளுடையது. மூன்று பேரும், "நான் இல்லை, அவரைக் கேளுங்கள்" என்றார்கள். தாத்தா மாதக்கணக்கில் இடிந்த சுவருக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். "பணம் கூட வேண்டாம்பா, யாராவது ஒருத்தர் நான்தான்னு சொன்னாப் போதும்" என்றார். இன்சூரன்ஸ் என்றால் எனக்கு அவர் முகம்தான் ஞாபகம் வரும்.

உங்களுக்குக் கீழே இருக்கிற வீடுகளில் அப்படி ஒருவர் இருப்பார். அவருக்காகத்தான் கேட்டேன். தட்டோடு கேட்டிருக்க வேண்டாம், அவ்வளவுதான்.

கல்யாணசுந்தரம்


டூங்கபி
27 மார்ச் 2025

சம்பந்தி ஐயா அவர்களுக்கு,

உங்கள் சுகத்தை விசாரிக்கிறேன். எலுமிச்சை மரத்துக்காக.

அந்தத் தாத்தாவை வேலை செய்கிற இடத்தில் நினைத்துக்கொண்டு நின்றதில், ஒரு ஐயாவுக்குத் தேத்தண்ணியில் இரண்டு தரம் சீனி போட்டுவிட்டேன். அவருக்கு நல்ல சந்தோசம்.

ஆனாலும் என் பக்கம் ஒன்று இருக்கிறது. அதை நான் தட்டோடு நின்று சொல்ல முடியாது. கடிதம் என்பதால் எழுதுகிறேன்.

மயூரதனுக்குப் பதினொரு வயதாக இருக்கும்போது நாங்கள் மூன்று பேரும் இந்த நாட்டுக்கு வள்ளத்தில் வந்தோம். தார்ப்பாயின் கீழ் ஆளோடு ஆள் நெருக்கி இருந்தோம். பிள்ளை என் கையைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, நாங்கள் எங்க இறங்கப் போறம்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான். எனக்குத் தெரியாது. ஓட்டினவனுக்கும் தெரியாது. "கிட்டடியில எண்டு நினைக்கிறன், அப்பன்" என்று பொய் சொன்னேன். பிள்ளை நம்பிவிட்டான். அவன் நம்பினது எனக்கு இன்றைக்கும் நெஞ்சில் நிற்கிறது.

நான் விமானம் ஓட்டப் பழகினது பகட்டுக்கு இல்லை, ஐயா. எங்கே போகிறேன், எங்கே இறங்குவேன் என்று எனக்குத் தெரிய வேண்டும். அந்தப் பிள்ளை மாப்பிள்ளையாகப் போகிற பயணத்தை நான் ஓட்ட வேண்டும். ஓட்டுகிறவர் இருக்கிற இடப் பக்க ஆசனத்தில் நான், வலப் பக்கத்தில் அவன். இது எனக்கு வேண்டும். வேறு ஒன்றும் உங்களிடம் கேட்கவில்லை.

ஒன்றும் கேட்கவில்லை என்று எழுதிவிட்டேன், ஆனால் ஒன்று இருக்கிறது. உங்கள் பக்கம் நிறைகுடம் வைக்கிற வழக்கம் பெரிதாக இல்லை போல. எங்களுக்கு வாசலில் மேசை போட்டு, வெள்ளை விரித்து, நெல் பரப்பி, அதில் தண்ணீர்க் குடம், மாவிலை, தேங்காய், பக்கத்தில் குத்துவிளக்கு வைத்தால்தான் நல்ல காரியம். ஸ்ட்ராத்ஃபீல்டில் அது இல்லாததை நான் பார்த்தேன். பேசவில்லை. இன்சூரன்ஸ் கேள்வி வந்தபோது, நிறைகுடம் இருந்திருந்தால் இந்தக் கதை வந்திருக்காது என்று மச்சாள் சொன்னா.

கிளப்பின் தாளை நான் படித்ததில்லை. படிக்கிறேன். ஆனால் சும்மா படிக்க மாட்டேன். நீங்கள் ஒரு தரம் சின்ன விமானத்தில் ஏறிப் பார்த்துவிட்டு எழுதுங்கள். ஏறாத ஆள் எனக்கு வகுப்பெடுக்கக் கூடாது.

கமலேஸ்வரி


கிளென் வேவர்லி
14 ஏப்ரல் 2025

சம்பந்தி அம்மாவுக்கு,

புத்தாண்டு வாழ்த்துகள். ஏறிவிட்டேன்!

பெரிய விமானத்திலேயே நான் ஜன்னல் பக்கம் உட்காராதவன். இங்கே முராபின் விமான நிலையத்துக்குப் போய் அந்தச் சின்ன விமானத்தைப் பார்த்ததும், இது எங்கள் விருதுநகர் ஷேர் ஆட்டோவை விடச் சின்னதாக இருக்கிறதே என்று அதை இரண்டு தடவை சுற்றி வந்தேன். ஓட்டுவதற்கு வந்தது ஒரு பெண், அக்ஷராவை விடச் சின்னவள். முதல் காரியமாக, "உங்க பேர்ல தனியா இன்சூரன்ஸ்..." என்று ஆரம்பித்தேன். விஜயா கீழே இருந்து, "ஏங்க! வாயை வச்சுக்கிட்டு சும்மா ஏறுங்க!" என்று கத்தினாள்.

மேலே கிளம்பினதும், "ஐயோ முருகா, ஐயோ முருகா" என்று என்னை அறியாமல் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்தப் பெண் எனக்கு ஏதோ வியாதி என்று நினைத்து ஒரு காகிதப் பையைக் கொடுத்தாள். அதன் பிறகு கடல் தெரிந்தது. அம்மா, நான் இருபது வருடமாக இந்த ஊரில் இருக்கிறேன், கடற்கரையில் சுண்டல் மாதிரி ஏதாவது கிடைக்காதா என்று தேடியிருக்கிறேன், ஆனால் கடல் இப்படி இருக்கும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. அந்தப் பெண், "கொஞ்சம் நீங்கள் பிடியுங்கள்" என்று ஸ்டியரிங்கை என்னிடம் விட்டாள். நான் பிடித்தேன். அது என் பேச்சைக் கேட்டது. என் வீட்டில் எதுவும் என் பேச்சைக் கேட்டு எனக்குப் பழக்கமில்லை. சத்தம் போட்டுச் சிரித்துவிட்டேன்.

இறங்கி வந்ததும் விஜயாவிடம், "சம்பந்தி அம்மா ஓட்டட்டும். மாப்பிள்ளை அவங்களோடதான் வரணும்" என்று சொன்னேன். மனதாரச் சொன்னேன். நீங்கள் எழுதின வள்ளக் கதையை அவளுக்கு நானே படித்துக் காட்டினேன். பாதியில் என்னால் முடியவில்லை, அவள்தான் மீதியைப் படித்தாள்.

ஆனால் அம்மா, வீடுகளும் தெரிந்தன. கொல்லைப்புறங்கள், கொடியில் காய்கிற துணிகள். ஒரு எலுமிச்சை மரமும் தெரிந்த மாதிரி இருந்தது. நான் ஏறிவிட்டேன். நீங்கள் படியுங்கள்.

கல்யாணசுந்தரம்


டூங்கபி
4 மே 2025

சம்பந்திக்கு,

நீங்கள் "ஐயோ முருகா" சொன்னதை இவருக்கு வாசித்துக் காட்டினேன். இவர் முதல் முறையாக, "நல்ல மனிசன், என்னைப் போல" என்றார். அது புகழ்ச்சிதான், எடுத்துக்கொள்ளுங்கள்.

கிளப் செயலாளரிடம் போனேன். "நான் வாடகைக்கு ஓட்டும்போது ஒரு ஆளுக்கோ ஒரு பொருளுக்கோ சேதம் வந்தால் உங்கள் காப்புறுதி எனக்கும் சேர்த்தோ?" என்று கேட்டேன். "சேரும் என்றுதான் நினைக்கிறேன்" என்றார். "நினைக்கிறேன்" என்ற சொல்லை வைத்துக்கொண்டு நான் ஒரு நோயாளிக்கும் குளிசை கொடுத்ததில்லை. தாளை எடுங்கள் என்றேன். இரண்டு பேரும் மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தோம். அதில் கிளப்பின் பெயர் இருந்தது. ஓட்டுகிறவர்களைப் பற்றி ஒன்றும் இல்லை. செயலாளர் முகம் சிவந்துவிட்டது. பாவம், அவரும் வாடகைக்குத்தான் ஓட்டுகிறவர்.

உடனே நான் மனம் மாறவில்லை. நீங்கள் சொன்னது சரி என்று ஒப்புக்கொள்ள எனக்கு ஒரு வாரம் வேண்டும், அது என் குணம். அடுத்த சனிக்கிழமை தனியே பறந்தேன். டூங்கபி, குவேக்கர்ஸ் ஹில் எல்லாம் கீழே. ஒரு வீட்டுக் கொல்லையில் ஒரு சின்னப் பெட்டை டிரம்போலினில் துள்ளிக்கொண்டு எனக்குக் கை காட்டினாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் வள்ளம் கவிழ்ந்திருந்தால், "இவர்களுக்கு நான்தான் பொறுப்பு" என்று சொல்ல ஒரு சீவன் இல்லை. ஓட்டினவன் பெயர்கூட எங்களுக்குத் தெரியாது. அந்தப் பெட்டைக்கு நான் பெயர் தெரியாத ஓட்டுநராக இருக்கக் கூடாது, சம்பந்தி. அவ்வளவுதான் யோசித்தேன்.

என் பெயரில் தனிக் காப்புறுதி எடுத்துவிட்டேன். பிறத்தியாருக்கு வரும் சேதத்துக்கும், வாடகை விமானத்துக்கு என்னால் வரும் சேதத்துக்கும். எங்கள் கிளப்பில் ஓட்டுகிற பொடியன் அருந்தவன், "என்ன அன்ரி, விழப் போறியளோ?" என்று பகிடி பண்ணினான். "விழமாட்டன். ஆனா ஏதும் நடந்தா ஓடி ஒளியவும் மாட்டன்" என்றேன்.  போன கிழமை அவனும் ஒன்று எடுத்திருக்கிறான்.

இதை வைத்து நீங்கள் பெருமைப்படக் கூடாது. பட்டாலும் எனக்கு எழுதக் கூடாது.

கமலேஸ்வரி


கிளென் வேவர்லி
20 மே 2025

சம்பந்தி அம்மாவுக்கு,

பெருமைப்படவில்லை. விஜயா பாயசம் வைத்தாள், அது வேறு விஷயமாக வைத்தது.

ஜூன் ஏழு சனிக்கிழமை மாலை மாப்பிள்ளை அழைப்பு. நாதஸ்வரத்துக்கு சுகிர்தன் வருகிறார், தவிலுக்கு அவர் மச்சான். நிறைகுடம் வைப்பது என் பொறுப்பு. இராஜேஸ்வரி அம்மாவிடம் போனில் கேட்டு எல்லாவற்றையும் குறித்துக்கொண்டேன். குடத்துக்குக் கீழே நெல் பரப்பாமல் அரிசி பரப்பலாமா என்று கேட்டதற்கு அவர் திட்டின திட்டு இன்னும் காதில் இருக்கிறது. நெல் தேடி டான்டனாங் முழுக்க அலைந்து வாங்கிவிட்டேன்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். ஜூன் மாதம் எங்கள் ஊர் வானம் மோசம். எல்லாரும் காத்திருக்கிறார்களே, மேளக்காரர் வந்துவிட்டாரே என்று நினைத்து மேகத்துக்குள் வந்துவிடாதீர்கள். பெண் வீட்டார் போய்த்தான் மாப்பிள்ளையை அழைக்க வேண்டும் என்பது முறை. இந்த ஊரில்தான் அழைக்க வேண்டும் என்று எந்த முறையும் சொல்லவில்லை. நீங்கள் எங்கே இறங்கினாலும் அங்கே நாங்கள் வருகிறோம்.

கல்யாணசுந்தரம்


கிளென் வேவர்லி
16 ஜூன் 2025

பெறுநர்: திருமதி கமலேஸ்வரி ஜெயரட்ணம், விமானி, என் சம்பந்தி
பொருள்: என் காருக்கு நேர்ந்த சேதம் பற்றிய கோரிக்கை

அம்மா,

உங்கள் இன்சூரன்ஸ் கம்பெனி, பாதிக்கப்பட்டவர் சம்பவத்தைத் தன் கையால் எழுதி உங்களுக்கு அனுப்ப வேண்டும் என்கிறது. இத்தனை வருடம் மற்றவர்களை எழுதச் சொல்லி வாங்கினவன், இப்போதுதான் முதல் தடவையாக நானே எழுதுகிறேன். இரண்டு தாள் கிழித்துப் போட்டுவிட்டேன். சந்தோஷத்தில்தான்.

சம்பவ தினம் மதியம், வழியில் பெட்ரோல் போட இறங்கின வாகா ஊரிலிருந்து மாப்பிள்ளை போன் செய்தார். "மாமா, கில்மோர் மலைப்பக்கம் மேகம் நிலத்தோட படுத்திருக்காம். அம்மா அதுக்குள்ள வரமாட்டாவாம். பெனாலாக்குக் கிட்ட அம்மாவுக்குத் தெரிஞ்ச கிரேம் எண்டு ஒரு ஃபார்மர், அவரின்ர காணியில சின்ன ரன்வே இருக்கு. அதுவரைக்கும் வானம் நல்லாயிருக்காம்." மண்டபத்தில் எல்லாரும் முகத்தைத் தொங்கப் போட்டார்கள். எனக்கு மட்டும் உடம்பெல்லாம் பூரித்தது. இந்தம்மா கெட்டிக்காரி, என் பெண் நல்ல இடத்தில்தான் வாழப் போகிறாள் என்று நினைத்தேன். உடனே கார்களைக் கிளப்பினோம்.

நாங்கள் முதலில் போய்ச் சேர்ந்தோம். கிரேம் அவர்கள் தொப்பியைக் கழற்றி வணக்கம் சொன்னார். சுகிர்தன் சுருதி பார்க்க ஊதினதும் ஆட்டு மந்தை முழுக்க வேலி ஓரம் வந்து வரிசையாக நின்றது. நான் மேசை போட்டு, வெள்ளை விரித்து, நெல் பரப்பி, நிறைகுடம் வைத்தேன். நீங்கள் இறங்கியதும் முதலில் அது உங்கள் கண்ணில் பட வேண்டும் என்று விமானம் வந்து நிற்கும் இடத்துக்கு நேராகவே வைத்தேன். மங்களமாக இருக்கட்டும் என்று பக்கத்தில் என் புதுச் சிவப்புக் காரை மாலை போட்டு நிறுத்தினேன். ஆட்களை எல்லாம் வைக்கோல் கொட்டகைக்குப் பின்னால் நிற்கச் சொன்னேன். அது ஒன்றுதான் நான் அன்றைக்குச் செய்த புத்திசாலித்தனம்.

நீங்கள் பூ உதிர்கிற மாதிரி இறங்கினீர்கள். மெதுவாக ஓடி வந்தீர்கள். நிறைகுடத்துக்குக் கிட்டே வந்ததும் விமானம் இடது பக்கம் திரும்பியது. குடம் ஆடவில்லை. மாவிலை ஆடவில்லை. இடது சிறகின் நுனி என் காரின் வலது பக்கக் கண்ணாடியைக் கையோடு பிடுங்கிக்கொண்டு போய்விட்டது.

நாதஸ்வரம் நின்றது. இராஜேஸ்வரி அம்மா நெஞ்சில் கை வைத்தார். விஜயா என்னைப் பார்த்து, "வாயை வச்சீங்கல்ல!" என்றாள். ஸ்ட்ராத்ஃபீல்டில் இருந்த அதே அமைதி. அப்போது நான் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு, "இன்சூரன்ஸ் இருக்கு! சம்பந்தி அம்மாவுக்குச் சொந்தமா இன்சூரன்ஸ் இருக்கு!" என்று கத்தினேன். முதலில் சிரித்தது இராஜேஸ்வரி அம்மாதான். தவில்காரர் என்ன நினைத்தாரோ, கெட்டிமேளம் வாசித்துவிட்டார்.

மாப்பிள்ளை அன்று கண்ணாடி இல்லாத அந்தக் காரில்தான் ஊர்வலம் வந்தார். வழி முழுக்க வலது பக்கம் பார்த்துச் சொல்லிக்கொண்டே வந்தது, சிட்னியிலிருந்து காரிலேயே வந்திருந்த உங்கள் கணவர். "இதுதான் எனக்குச் சரியான உயரம்" என்றார்.

தொழில்முறையில் என் கருத்து: தவறு முழுவதும் என்னுடையது. விமானம் வரும் வழியில் மேசை வைத்தவன் நான், காரை நிறுத்தினவனும் நான். இதை அப்படியே கம்பெனிக்கு அனுப்புங்கள்.

கல்யாணசுந்தரம்


டூங்கபி
29 ஜூன் 2025

அன்புள்ள சம்பந்திக்கு,

இப்படி எழுத இத்தனை கடிதம் எடுத்திருக்கிறது.

உங்கள் கடிதத்தின் கடைசிப் பந்தியை நான் அனுப்பவில்லை. அது விசர்க்கதை. விமானம் ஓடும்போது ஓட்டுகிறவர்தான் பொறுப்பு. நான் நின்றிருக்கலாம், நிற்கவில்லை. குடத்தைப் பார்த்தேன், காரைப் பார்க்கவில்லை. "நான்தான்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். உங்கள் எலுமிச்சை மரத் தாத்தா கேட்டது அதைத்தானே? நீங்கள் என்னிடம் கேட்டதும் அதைத்தானே?

கம்பெனிப் பிள்ளை ஒருத்தி ரெலிபோன் எடுத்தாள். ஏன் காரின் பக்கம் திருப்பினீர்கள் என்று கேட்டாள். முன்னால் தண்ணீர்க் குடம் இருந்தது என்றேன். குடத்தின் பெறுமதி என்ன என்று கேட்டாள். எங்கள் பிள்ளைகளின் கலியாணத்துக்கு வைத்த குடம், அதை நான் தட்டியிருந்தால் என் மச்சாள் என்னை இந்தப் பிறவியில் விடமாட்டா என்றேன். அவள் சிரித்துக்கொண்டே ஏதோ எழுதினாள். பிறகு, சேதம் அடைந்தவர் உங்களுக்குத் தெரிந்தவரா என்று கேட்டாள். என் மகனின் மாமனார் என்றேன்.  "இப்போதும் பேசிக்கொள்கிறீர்களா?" என்று கேட்டாள். "கடிதம் எழுதிக்கொள்ளுறம், பிள்ளை" என்றேன்.

எல்லாம் சரியாகிவிட்டது. உங்கள் கண்ணாடிக்கும், கிளப்பின் சிறகு நுனிக்கும் அவர்களே கொடுக்கிறார்கள். கிளப் இஞ்சினியர் கிரேமின் காணிக்கே வந்து பார்த்துப் புது நுனி பூட்டின பிறகுதான் விமானத்தைத் திருப்பி ஓட்டி வந்தேன். அருந்தவன் இப்போது கிளப்புக்கு வருகிற ஒவ்வொருவரிடமும், "உங்களிட்ட இருக்கோ?" என்று கேட்டு உயிரை எடுக்கிறான்.

இனி ஒன்று சொல்ல வேண்டும். இதைக் கம்பெனிக்கு எழுதவில்லை, உங்களுக்குத்தான் எழுதுகிறேன்.

வாகாவில் நாங்கள் காத்திருந்தபோது எனக்குச் சரியான கவலை. மகனை மெல்பேர்னில் இறக்குவேன் என்று ஊர் முழுக்கச் சொல்லிவிட்டேன். மேகம் விலகவில்லை. போய்ப் பார்ப்போமா என்று ஒரு நினைப்பு வந்தது, மறைக்க மாட்டேன். அப்போது உங்கள் கடிதம் ஞாபகம் வந்தது. எங்கே இறங்கினாலும் அங்கே வருகிறோம் என்று எழுதியிருந்தீர்கள். அந்த வரி இல்லாவிட்டால் நான் என்ன செய்திருப்பேன் என்று எனக்குத் தெரியாது. கிரேமுக்கு ரெலிபோன் எடுத்தேன்.

கடைசித் திருப்பத்தில், அந்தப் பச்சை நிலமும், ஆடுகளும், உங்கள் சிவப்புக் காரும், வெள்ளை விரித்த மேசையும் தெரிந்தன. மயூரதன் தலைப்பாகையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தான், ஹெட்செட்டோடு அது தலையில் நிற்காது. கீழே பார்த்துவிட்டு, "அம்மா, இந்த முறை நாங்கள் எங்க இறங்கப் போறம் எண்டு எனக்குத் தெரியும்" என்றான்.  இறங்குகிற நேரத்தில் அழக்கூடாது என்று சட்டம் ஒன்றும் இல்லை, ஆனால் ஓடுபாதை தெரிய வேண்டுமே. அதனால்தான் நிலத்தில் வந்த பிறகு அழுதேன். உங்கள் கண்ணாடிக்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

வாட்ஸ்அப்பில் பிளாக்கை எடுத்துவிட்டேன். ரோசாப்பூ அனுப்பலாம், ஞாயிறுகளில் மட்டும். ஆனால் கடிதத்தை நிறுத்த வேண்டாம்.

மருமகள் நேற்று ஒரு ரகசியம் சொன்னாள். நீங்கள் முராபினில் விமானம் ஓட்டப் பழகப் பெயர் கொடுத்துவிட்டீர்களாம். விஜயாவுக்கு இன்னும் தெரியாதாம். லைசென்ஸ் எடுத்ததும் ஒரு விமானத்தை வாடகைக்கு எடுத்து, என்னை வலப் பக்கத்தில் இருத்தி டூங்கபிக்கு மேலே ஓட்டிக் காட்டுவீர்களாம். கேட்டு இவர் பாண் சிக்கிப் புரைக்கேறும்வரை சிரித்தார். நான் சிரிக்கவில்லை. எனக்குச் சரியான சந்தோசம், சம்பந்தி. கட்டாயம் வருவேன்.

ஆனால் ஏறுவதற்கு முதல் ஒரு கேள்வி இருக்கிறது. உங்கள் கையில் இப்போது தட்டு ஒன்றும் இல்லைத்தானே?

உங்களிட்டச் சொந்தமா இன்சூரன்ஸ் இருக்கோ?

உங்கள் சம்பந்தி,
கமலேஸ்வரி